மார்பகப் புற்றுக்குப் பின் ஹார்மோன் மாத்திரை: பக்கவிளைவுகளைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆபரேஷன் முடிந்தது, கீமோ முடிந்தது, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததும் முடிந்தது. கடைசியில் ஒரு சின்ன மாத்திரையைக் கையில் கொடுத்து, "இதை தினம் ஒண்ணு போடும்மா, அஞ்சு வருஷம்" என்று அனுப்பி வைப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அன்றோடு நோய் தீர்ந்தது என்று மூச்சு விடுவார்கள். நமக்கு அப்போதுதான் இன்னொன்று ஆரம்பிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நைட்டி நனைந்து எழுந்திருப்பது, காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது கணுக்கால் பிடித்துக்கொள்வது, காரணமே இல்லாமல் எரிச்சல். "முடி முளைச்சிடுச்சு, ஆள் தேறிட்டே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது?

நான் வடசென்னை ராயபுரத்தில் இருக்கிறேன். லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓ.பி. வரிசையில் என்னோடு உட்காரும் பெண்களில் சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "நான் அதை நிறுத்திட்டேன்க்கா, டாக்டர்கிட்ட சொல்லல." அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, வலி அப்படி. ஆனால் இந்த மாத்திரை தரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. மாத்திரையையே மாற்றக்கூட முடியும். சொல்லாமல் நிறுத்துகிறவருக்கு அந்த வழிகள் எதுவும் கிடைக்காமல் போகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிகளில், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் இடம் உள்ள கட்டிகளில், 5 வருடம் டமாக்சிஃபென் என்ற மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இந்தப் புற்றால் வரும் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதை விட்டுக்கொடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. உங்கள் மாத்திரை எது என்று முதலில் பாருங்கள்

"புற்று மாத்திரை" என்று மட்டும் சொன்னால் போதாது. பட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள், இல்லை பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: டமாக்சிஃபென் 20 மி.கி., லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி.

டமாக்சிஃபென் ஒரு வகை, மற்ற மூன்றும் இன்னொரு வகை. டமாக்சிஃபென், மார்பகச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். மற்ற மூன்றும், மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பிலும் தசையிலும் ஊறும் கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜனையும் ஊறவிடாமல் தடுக்கும். அதனால் தொல்லைகளும் வேறு. வெள்ளைப்படுதல், ரத்தக்கட்டி, கர்ப்பப்பை சம்பந்தமானவை டமாக்சிஃபென் பக்கம். மூட்டுவலி, எலும்பு தேய்வது, வறட்சி மற்ற மூன்றின் பக்கம். உடம்பில் திடீரென்று சூடு ஏறுவது ரெண்டுக்கும் பொது.

மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்கு லெட்ரோசோல் வகை தனியாக வேலை செய்யாது. சினைப்பையை அடக்கி வைக்கும் ஊசியும் சேர்ந்தால்தான் பலன். அந்த ஊசியை மாதாமாதம் தொப்பையில் போடுவார்கள். ஊசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். கீமோவால் மாதவிடாய் நின்றிருந்தால் அது முழுதாக நின்றதாகக் கணக்கில்லை, திரும்ப வரலாம். வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. நேரம், நோட்டு, மற்ற மாத்திரைகள்

தினமும் ஒரே நேரம். காலையில் போட்டால் குமட்டுகிறதா, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி போட்டால் தூக்கம் கெடுகிறதா, காலைக்கு வாருங்கள். மறந்துவிட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள், ரெண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தொல்லையைத் தேதியோடு எழுதுங்கள். "மூட்டு வலிக்குது டாக்டர்" என்றால் அவசரத்தில் ஒரு கால்சியம் எழுதிக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். "காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் விரல் மடங்கவில்லை, மூன்று வாரமாக தினமும்" என்றால் பேச்சே வேறு மாதிரி போகும்.

டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அது நம் கல்லீரலில் வேறு பொருளாக மாறிய பிறகுதான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவை அந்த மாற்றத்தைத் தடுக்கும். வேறு டாக்டரிடம் எதற்குப் போனாலும், பல் டாக்டரே ஆனாலும், டமாக்சிஃபென் என்று முதலில் சொல்லுங்கள். சமையலில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. மஞ்சள் சத்தை மாத்திரையாக விற்கிறார்களே, அது வேண்டாம். பெண்களுக்கு நல்லது என்று வரும் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் மாதிரியானவற்றையும் கேட்காமல் தொடாதீர்கள், ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும் பொருட்கள் அவற்றில் இருக்கின்றன.

3. திடீர் சூடும் வேர்வையும்

நெஞ்சில் கிளம்பி கழுத்து, முகம், காது என்று ஏறும். ரெண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கி, நனைந்த உடம்பில் குளிர் எடுக்கும். கத்திரி வெயிலில் இது மாத்திரையா மே மாசமா என்று எனக்கே குழப்பம் வரும். பலருக்கு முதல் சில மாதங்கள் மோசமாக இருந்து பிறகு குறையும்.

எது கிளப்பிவிடுகிறது என்று நோட்டில் பாருங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீ, அதிகக் காரம், அடுப்படியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நிற்பது, கோபம் இவையெல்லாம் வழக்கமான காரணங்கள். டீயை விடச் சொல்லவில்லை, ஆற்றிக் குடியுங்கள். பாலியெஸ்டர் நைட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மெல்லிய காட்டன் நைட்டி ரெண்டு எடுங்கள், ராத்திரிக்கு ஒன்று, நனைந்தால் மாற்ற ஒன்று. தலைமாட்டில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், கையில் காசு இருந்தால், பஸ்ஸுக்குப் பதில் மெட்ரோ நல்லது. விம்கோ நகர் வரை 2021-இல் நீட்டியதிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு சென்ட்ரல் வரை ஏ.சி.யிலேயே போய் இறங்க முடிகிறது. நெரிசலான பஸ்ஸில் சூடு ஏறும்போது வரும் படபடப்பு பட்டவருக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால் மருந்து இருக்கிறது. வென்லாஃபாக்ஸின், கேபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் ஆகிய மூன்றில் ஒன்றைக் குறைந்த அளவில் டாக்டர்கள் கொடுப்பதுண்டு. வென்லாஃபாக்ஸின் மனநல மாத்திரையாயிற்றே என்று பயப்பட வேண்டாம், சூட்டைக் குறைக்கத்தான் தருகிறார்கள். டமாக்சிஃபெனோடும் பெரிதாக மோதாது. ஆனால் திடுமென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் நமக்கு ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டதே என்று வாங்கிவிடாதீர்கள்.

4. மூட்டுவலி: அதிகம் பேரை மாத்திரையை விட வைப்பது இதுதான்

லெட்ரோசோல் வகை ஆரம்பித்து ரெண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். கை விரல், மணிக்கட்டு, முட்டி, கணுக்கால் என்று ரெண்டு பக்கமும் வலிக்கும். உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நடந்தால் விடும். நடந்தால் குறைகிறது என்பதே அடையாளம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவுக்கு மோதிர விரல் மடங்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். இன்னொரு கையால் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று சத்தத்தோடு நிமிரும். "இன்னாமா இது, வஞ்சிரத்தையே துண்டு போடுற கை, ஒரு விரலை நீட்ட மாட்டேங்குது" என்று காட்டினார். ஐஸ் பெட்டியில் கை விட்டே இப்படி ஆனது என்று நினைத்திருந்தார், மாத்திரையோடு அதை முடிச்சுப் போடவில்லை. பெரிய டாக்டரிடம் காட்டியபோது விரலடியில் ஒரு ஊசி போட்டார்கள், ராத்திரிக்கு விரலை நீட்டிவைக்கும் பட்டி கொடுத்தார்கள், லெட்ரோசோலை எக்ஸிமெஸ்டேனாக மாற்றினார்கள். விரல் இப்போது நிற்பதில்லை. ராத்திரியில் விரல்கள் மரத்துப்போய் எழுப்பிவிடுவதும் இதே கூட்டம்தான், மணிக்கட்டு நரம்பு நசுங்குவதால் வருவது. அதற்கும் பட்டி உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். கண் விழித்ததும் இறங்காதீர்கள். படுத்தபடியே விரல்களை மூடித் திறந்து பத்து தடவை, கணுக்காலைச் சுழற்றிப் பத்து தடவை, முட்டியை மடக்கி நீட்டிப் பத்து தடவை. பிறகு எழுந்து வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் ரெண்டு கையையும் ஐந்து நிமிஷம் வையுங்கள். அதன் பிறகு பாத்திரம் தேய்ப்பதெல்லாம்.

அப்புறம் நடை. வலிக்கிறதே, எப்படி நடப்பது என்று கேட்பீர்கள். மாத்திரையால் வரும் இந்த வலிக்கு நடையும் தசைக்கான பயிற்சியும் உதவுவது ஆராய்ச்சியில் பார்த்த விஷயம். வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். ராயபுரத்துக்காரர்களுக்கு அறிஞர் அண்ணா பூங்கா இருக்கிறது, பழைய ஆட்கள் ராபின்சன் பூங்கா என்பார்கள். ஹவுசிங் போர்டில் இருந்தால் மொட்டை மாடி. கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரம் வேண்டாம், அந்தத் தூசியில் நடப்பதற்கு வீட்டு வாசலிலேயே நடக்கலாம். வாரம் ரெண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும், ஒரு லிட்டர் பாட்டிலை மெல்லத் தூக்கி இறக்குவதும் செய்யுங்கள். ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கை வீங்கியிருந்தால் கைப் பயிற்சிக்கு முன் பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள்.

அடி பம்பு, குடம், அருவாமனை மூன்றும் இந்த மூட்டுக்கு எதிரி. பம்பு அடிப்பதை வீட்டில் யாருக்காவது கொடுங்கள். மகனுக்குக் கை இருக்கிறது. முடியாதென்றால் குடத்தைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். காய் நறுக்க மேடையும் கத்தியும் வைத்துக்கொள்ளுங்கள், குந்தி உட்கார்ந்து எழுவது மிச்சம்.

வலி மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் போய் "கை கால் வலி, ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்றால் நாலு பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். செட் மாத்திரை. வலி மாயமாகப் போகும், ஏனென்றால் அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், ஏற்கெனவே தேயும் எலும்பு இன்னும் தேயும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில், பரவாயில்லை. மற்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம், வயிறு, பிரஷர் பார்த்துத்தான் தர வேண்டியவை.

இத்தனைக்கும் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. வைட்டமின் டி பார்க்கலாமா? வலியைக் குறைக்கத் தரும் டுலாக்ஸெடின் மாத்திரை எனக்கு ஒத்துவருமா? கொஞ்ச நாள் இடைவெளி விட்டு வேறு மாத்திரைக்கு மாறலாமா? லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவருக்கு அனஸ்ட்ரோசோலோ எக்ஸிமெஸ்டேனோ ஒத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. டமாக்சிஃபெனுக்கு மாறுவதும் உண்டு. இடைவெளி எத்தனை வாரம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நாமாக எடுத்துக்கொள்வதில்லை.

5. எலும்பு

இது வலிக்காமல் தேயும், அதுதான் சிக்கல். லெட்ரோசோல் வகை ஆரம்பிக்கும்போதே எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்து, பிறகு ஏறக்குறைய ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். யாரும் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும். நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே நிறைய இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கிடைக்கும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் முருங்கைக்கீரையும் நல்லது. கூழுக்குக் கருவாடு பொருத்தம்தான், ஆனால் பிரஷர் இருந்தால் உப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரை போடுபவர்கள் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் டிரிப்ஸ் ஏற்றுவதுண்டு. அதற்கு முன் பல் டாக்டரிடம் பல்லைக் காட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டியதை முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும். ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் ரெண்டு நாளில் அடங்கும்.

6. வாய்விட்டுச் சொல்லாதவை

பெண்ணுறுப்பு வறண்டு எரிவது, உறவின்போது வலி, ஆசையே வராமல் போவது. ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு என்று நர்ஸம்மாவே சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. கணவர் "என்மேல இருந்த பிரியம் போயிடுச்சு" என்று நினைத்துக்கொள்வார். பிரியம் போகவில்லை, ஈஸ்ட்ரோஜன் போயிருக்கிறது என்று ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் மருந்துக் கடைகளில் கிடைக்கும். வாரம் ரெண்டு மூன்று முறை. உறவின்போது தண்ணீர் சார்ந்த வழவழப்பு ஜெல் தனி. தேங்காயெண்ணெய் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆணுறையோடு கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். சோப்புப் போட்டு உள்ளே கழுவாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமை, புற்று டாக்டர் சம்மதிக்காமல், பெண்கள் டாக்டர் எழுதினாலும் போடாதீர்கள்.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போனதால் கரு நிற்காது என்று இளம்பெண்கள் நினைக்கிறார்கள். 1960-களில் இங்கிலாந்தில் டமாக்சிஃபெனைக் கருத்தடைக்காகத்தான் உருவாக்கிப் பார்த்தார்கள். பெண்களிடம் அது கருமுட்டையைத் தூண்டிவிட்டது! மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்கு ஆபத்து. காப்பர்-டி அல்லது ஆணுறை, ஹார்மோன் கலந்த கருத்தடை எதுவும் வேண்டாம். குழந்தை வேண்டும் என்பவர்கள் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். ஒன்றரை ரெண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டு, மேற்பார்வையோடு நிறுத்தி, குழந்தை பெற்று, மறுபடி தொடரும் வழி சிலருக்கு உண்டு.

7. தூக்கமும் மனசும்

சூடு அடங்கினால் தூக்கம் பாதி சரியாகும். பகலில் படுப்பதை அரை மணிக்குள் வையுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல் ரெண்டு வாரத்துக்குமேல் போனால், அழுகை நிற்கவில்லை என்றால், மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம், பட்ட பாட்டின் பாரமாகவும் இருக்கலாம். ரெண்டுக்கும் உதவி வேண்டும். 14416 எண்ணில் டெலிமானஸ் அரசு சேவை, தமிழிலேயே பேசலாம், காசில்லை.

8. காத்திருக்கக் கூடாதவை

ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அன்றே போங்கள். திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, இருமினால் ரத்தம், ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது என்றால் 108. டமாக்சிஃபென் ரத்தக்கட்டியை உண்டாக்குவது அரிதுதான், ஆனால் வந்தால் நேரம் கொடுக்காது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ரெண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். வேறு ஆபரேஷன் எதற்காவது நாள் குறித்தால் டமாக்சிஃபென் பற்றி முன்பே சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பெண்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனாலும் டமாக்சிஃபென் சிலருக்குக் கர்ப்பப்பை உட்சுவரைத் தடிக்க வைத்துப் புற்று வரை கொண்டுபோவதுண்டு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பிரசவத்துக்கு மட்டும் போகும் இடம் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். கண் மங்கினால் கண் டாக்டரிடமும் போங்கள்.

9. ஓ.பி. நாளில்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆனாலும், சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஆனாலும், தனியார் ஆனாலும், டாக்டர் முன்னால் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். வரிசையில் இருக்கும்போதே நோட்டைப் பார்த்து, அதிகம் படுத்தும் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்ததும் அதையே முதலில் சொல்லுங்கள்: "டாக்டர், இந்த வலியோட என்னால இதைத் தொடர முடியாது போலிருக்கு, வேற வழி இருக்கா?" தொடர முடியாது என்ற வார்த்தையைச் சொல்லத் தயங்காதீர்கள், அதைக் கேட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். முடிந்தால் மகளையோ தங்கையையோ கூட்டிப்போங்கள், சொன்னது பாதி நமக்கு மறந்துவிடும்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினால் சீட்டை வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்தில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

10. ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால்

திட்டுவார்கள் என்று போகாமல் இருக்காதீர்கள். திட்டினாலும் ரெண்டு நிமிஷம்தான். வீட்டில் மிச்சமிருக்கும் பட்டையை எடுத்து மறுபடி நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். இடையில் மாதவிடாய் திரும்பியிருக்கலாம், வேறு மாத்திரை சேர்ந்திருக்கலாம், உங்களுக்கு இப்போது வேறு மருந்தே பொருத்தமாக இருக்கலாம். பழைய ஃபைல், மிச்சப் பட்டை, இப்போது சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அடுத்த ஓ.பி.க்குப் போங்கள். எந்த மாதம் நிறுத்தினீர்கள், எந்தத் தொல்லையால் நிறுத்தினீர்கள் என்ற ரெண்டையும் மட்டும் ஒரு சீட்டில் எழுதி ஃபைலின் மேல் குத்தி வையுங்கள்.